92 புள்ளிகளுக்கு இடமில்லாத பட்டியல்

1949 முதல் 1994 வரையிலான நாற்பத்தாறு பருவங்களில், மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழையத் தவறியது ஒரே ஒரு முறைதான். அது 1969-70 பருவம். முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி அது. அடுத்த ஆண்டும் வென்றது. இடைப்பட்ட அந்த ஓர் ஆண்டில் 76 ஆட்டங்களில் 38 வெற்றி, 22 தோல்வி, 16 டிரா என்று 92 புள்ளிகள் எடுத்தும் வாசலுக்கு வெளியே நின்றது. பிளே-ஆஃபுக்கான கடைசி இடமான நான்காம் இடத்துக்கு அதனுடன் மோதிய நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் அதே 38 வெற்றி, அதே 22 தோல்வி, அதே 16 டிரா. பருவம் முழுவதும் ரேஞ்சர்ஸ் அடித்த கோல்கள் 246, மான்ட்ரியால் அடித்தவை 244. இரண்டு கோல் குறைந்ததால் ஒரு சாம்பியன் வீட்டுக்குப் போனது என்றே ஹாக்கி வரலாறு இதைச் சொல்லிவருகிறது. கணக்கு சரிதான். ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. அந்த அணியை வெளியே தள்ளிய கோடு 1970 ஏப்ரலில் விழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல் போடப்பட்டுவிட்டது. கடைசி நாளின் பரபரப்பு அந்தக் கோட்டை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

முதலில் அந்தக் கடைசி வாரத்தைப் பார்க்கலாம். வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில் மான்ட்ரியாலிடம் 92 புள்ளிகள், ரேஞ்சர்ஸிடம் 90. ஏப்ரல் 4, சனிக்கிழமை இரு அணிகளுமே தோற்றன: மான்ட்ரியால் சொந்த ஊரில் சிகாகோவிடம் 1-4, ரேஞ்சர்ஸ் டெட்ராய்ட்டிடம் 2-6. ஞாயிறு பிற்பகல் நியூயார்க்கில் அதே டெட்ராய்ட்டை ரேஞ்சர்ஸ் மீண்டும் சந்தித்தது. புள்ளியும் வெற்றி எண்ணிக்கையும் சமமானால் அதிக கோல் அடித்த அணிக்கே இடம் என்பது அன்றைய விதி. மான்ட்ரியால் அதுவரை 242 கோல், ரேஞ்சர்ஸ் 237. ஆகவே ரேஞ்சர்ஸ் வெல்வது மட்டும் போதாது. கோல்களைக் குவிக்கவும் வேண்டும். பயிற்சியாளர் எமில் பிரான்சிஸின் அணி அன்று கோலை நோக்கி 65 முறை அடித்தது. ஒன்பது கோல் அடித்து ஆறு கோல் முன்னிலையில் இருந்தபோதும், இன்னும் அடிக்க வேண்டுமென்று பிரான்சிஸ் தன் கோல்கீப்பரை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கினார். ஆளில்லாத வலையில் டெட்ராய்ட் இரண்டு கோல் போட்டது. முடிவு 9-5. அன்றிரவு சிகாகோவில் மான்ட்ரியாலுக்கு ஒரு டிரா போதும். தோற்றாலும் ஐந்து கோல் அடித்துவிட்டால் போதும். மூன்றாம் பகுதியில் 2-5 என்று பின்தங்கியபோது வெற்றியைக் கைவிட்டுக் கோல் எண்ணிக்கையைத் துரத்தியது, கோல்கீப்பரை வெளியே எடுத்தது. காலி வலையில் சிகாகோ ஐந்து கோல் அடித்தது. முடிவு 2-10.

இந்த இரண்டு ஆட்டங்களின் கோலத்தைக் கண்டவர்கள் பழியைக் கோல் எண்ணிக்கை விதியின் மேல் போட்டார்கள். விதி மோசமானது என்பதில் ஐயமில்லை. வாங்கும் கோலுக்கு எந்த விலையும் இல்லாதபோது, ஆறு கோல் முன்னிலையில் உள்ள அணிகூடத் தன் வலையைத் திறந்துபோடும். கிரிக்கெட்டில் நெட் ரன்-ரேட் பார்க்கும் நமக்கு இதன் குறை எளிதில் விளங்கும்: அடித்ததை மட்டும் எண்ணி, கொடுத்ததை எண்ணாமல் விடும் கணக்கு அது. ஆனால் மான்ட்ரியாலை வெளியேற்றியது அந்த விதிதானா என்று சரிபார்க்க வழி இருக்கிறது. அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்துப் பாருங்கள். பருவ முடிவில் ரேஞ்சர்ஸ் 246க்கு 189, வித்தியாசம் 57. மான்ட்ரியால் 244க்கு 201, வித்தியாசம் 43. கடைசி நாளின் விசித்திர ஆட்டங்களை நீக்கிவிட்டு, சனிக்கிழமை இரவு நிலவரத்தை எடுத்தாலும் ரேஞ்சர்ஸ் 53, மான்ட்ரியால் 51. நியாயமான விதி இருந்திருந்தாலும் இரண்டில் ரேஞ்சர்ஸ்தான் முன்னே நின்றிருக்கும். விதி ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கியது. முடிவை அது மாற்றவில்லை.

இன்னொரு பழி டெட்ராய்ட்டின் மேல் விழுந்தது. சனிக்கிழமையே தகுதியை உறுதிசெய்துகொண்ட அணி ஞாயிற்றுக்கிழமை முழு மனதோடு ஆடவில்லை என்ற சந்தேகம் மான்ட்ரியாலில் வலுத்தது. தகுதி பெற்ற மறுநாளே ஊர் மாறி ஆடிய அணியிடம் சோர்வு இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகத்தைத் தாண்டி ஒன்று நிற்கிறது: மான்ட்ரியாலின் விதி அதன் கையிலேயே இருந்தது. கடைசி இரண்டு ஆட்டங்களில் ஏதாவது ஒன்றை டிரா செய்திருந்தால் 93 புள்ளிகள். சனிக்கிழமை தோற்றபின் ரேஞ்சர்ஸ் எட்டக்கூடிய உச்சமே 92. அப்படியிருக்க, மூன்றாம் அணியின் உழைப்பை அளப்பது வீண் வேலை. சிகாகோவுக்கோ முழு வேகத்தில் ஆடக் காரணம் இருந்தது. பாஸ்டனுடன் முதலிடத்துக்குப் போட்டி. இரண்டும் 99 புள்ளிகளில் முடிய, 45 வெற்றிகள் பெற்ற சிகாகோ 40 வெற்றிகள் பெற்ற பாஸ்டனை முந்தியது.

இப்போது பட்டியலை அகலமாக விரித்துப் பார்ப்போம். 1967 வரை இந்த அணிகள் ஆடிய லீக்கில் இருந்தவை ஆறே அணிகள்: மான்ட்ரியால், டொராண்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. அந்த ஆண்டு ஒரே வீச்சில் ஆறு புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. பழைய ஆறும் கிழக்குப் பிரிவு, புதிய ஆறும் மேற்குப் பிரிவு. ஒவ்வொன்றிலிருந்தும் முதல் நான்கு அணிகளுக்கு பிளே-ஆஃப். அனுபவமுள்ள ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம், மிஞ்சியவர்களைக் கொண்டு கட்டிய அணிகள் மறுபக்கம். விளைவு முதல் ஆண்டிலேயே தெரிந்தது. 1967-68இல் நடப்புச் சாம்பியனான டொராண்டோ 76 புள்ளிகளுடன் வெளியேறியது. மேற்கில் முதலிடம் பிடித்த பிலடெல்பியாவுக்கு 73தான். 1968-69இல் டெட்ராய்ட் 78, சிகாகோ 77 புள்ளிகளோடு வீட்டுக்குப் போயின. மேற்கில் 58 புள்ளிகளுடன் லாஸ் ஏஞ்சலஸ் உள்ளே போனது. மூன்றாம் ஆண்டில் மான்ட்ரியால் 92உடன் வெளியே, ஓக்லண்ட் 58உடன் உள்ளே. பன்னிரண்டு அணிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி முதல் எட்டை எடுத்திருந்தால், மான்ட்ரியாலும் 71 புள்ளி பெற்ற டொராண்டோவும் உள்ளே இருந்திருக்கும். மின்னசோட்டாவும் ஓக்லண்டும் வெளியே நின்றிருக்கும். மேற்கின் முதல் அணியான செயின்ட் லூயிஸின் 86 புள்ளிகளும் மான்ட்ரியாலை எட்டவில்லை. இரண்டு ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்றுதான் 1970இல் மீண்டும் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகளிலும் கடைசி நாள் நாடகம் இல்லாததால், அந்த அநியாயம் இந்த அளவுக்கு யார் மனத்திலும் பதியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புதிய அணிகளைப் பழையவற்றோடு கலந்திருந்தால் அவை அத்தனையும் அடிமட்டத்தில் கிடந்திருக்கும். புதிய ஊர்களில் கூட்டம் சேராது, லீக் விரிவடையாது. புதியவர்களுக்குத் தனிப் பாதை கொடுத்ததால்தான் ஹாக்கி புதிய நகரங்களில் வேர்விட்டது என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. வளரும் அணிக்கு நிழல் தேவை. ஆனால் கொடுக்கப்பட்டது நிழல் மட்டுமில்லை, இறுதிப்போட்டிக்கான சீட்டும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. மேற்கின் வெற்றியாளர் நேரே இறுதிக்குப் போகலாம் என்பதால் செயின்ட் லூயிஸ் 1968, 1969, 1970 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து இறுதிப்போட்டி ஆடியது. மூன்றிலும் நான்குக்கு நான்கு தோற்றது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. ஸ்காட்டி போமன் என்ற திறமை மிக்க பயிற்சியாளர் இருந்தும் நிலை அதுதான். முதல் சுற்றில் இடஒதுக்கீடு செய்து, அரையிறுதியில் இரு பிரிவுகளையும் மோதவிட்டிருந்தாலே புதிய நகரங்களுக்கும் நியாயம், பழைய அணிகளுக்கும் நியாயம் கிடைத்திருக்கும். வளர்ச்சிக்கு அவ்வளவு அகலமான பிளவு தேவைப்படவில்லை.

பிரிவுகளின் புள்ளிகளை ஒப்பிடுவதே தவறு, இரண்டுக்கும் அட்டவணை வேறு என்றும் சொல்லலாம். அட்டவணையைப் பார்த்தால் வாதம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்தப் பருவத்தில் ஒவ்வொரு அணியும் தன் பிரிவின் ஐந்து அணிகளோடு தலா எட்டு ஆட்டம், மறுபிரிவின் ஆறு அணிகளோடு தலா ஆறு ஆட்டம் ஆடியது. அதாவது மான்ட்ரியாலின் 76 ஆட்டங்களில் 40 ஆட்டம் பழைய வலுவான அணிகளோடு. ஓக்லண்டுக்கோ 40 ஆட்டம் தன்னைப் போன்ற புதிய அணிகளோடு. கடினமான பாதையில் 92, எளிதான பாதையில் 58. வேறுபாட்டைச் சமன் செய்து பார்த்தால் இடைவெளி இன்னும் விரியுமே தவிரச் சுருங்காது. அந்த ஓக்லண்ட் உள்ளே போன விதமும் கவனிக்கத்தக்கது: பிலடெல்பியாவுக்கும் 58 புள்ளிகளே, ஆனால் 17 வெற்றி, 24 டிரா, ஓக்லண்டுக்கு 22 வெற்றி. பிளே-ஆஃபின் முதல் சுற்றில் பிட்ஸ்பர்க்கிடம் ஓக்லண்ட் நான்கு ஆட்டமும் தோற்றது.

அப்படியானால் மான்ட்ரியாலிடம் பிழையே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்தால் இந்த வாதம் நேர்மையாகாது. பதினாறு டிராக்களில் ஒன்றை வெற்றியாக மாற்றியிருந்தால் போதும். தற்காப்பின் தூணான செர்ஜ் சவார் மார்ச் மாதத்தில் கால் முறிந்து விலகினார். எல்லாவற்றிலும் கசப்பானது, சிகாகோவின் கோல்கீப்பர் டோனி எஸ்போசிட்டோ முந்தைய ஆண்டுவரை மான்ட்ரியாலின் ஆட்டக்காரர் என்பது. 1969இல் அணிகளுக்கு இடையிலான தேர்வில் மான்ட்ரியால் அவரைப் பாதுகாக்காமல் விட, சிகாகோ எடுத்துக்கொண்டது. முந்தைய ஆண்டு கிழக்கின் கடைசி அணியாக இருந்த சிகாகோ முதலிடத்துக்கு ஏறியது. எஸ்போசிட்டோ எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காமல் 15 ஆட்டங்களை முடித்தார். இவையெல்லாம் மான்ட்ரியாலின் சொந்தத் தவறுகளும் துரதிர்ஷ்டங்களும். ரேஞ்சர்ஸ் ஏன் நான்காவது, மான்ட்ரியால் ஏன் ஐந்தாவது என்ற கேள்விக்கு இவை விடை தருகின்றன. பன்னிரண்டு அணிகளில் எட்டுக்கு இடமுள்ள போட்டியில் ஐந்தாவது அணிக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

விதி எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதானே, ஒப்புக்கொண்டு ஆடியவர்கள் பிறகு குறை சொல்லலாமா என்பது கடைசி மறுப்பு. ரேஞ்சர்ஸின் தகுதியை யாரும் பறிக்க முடியாது என்பதற்கு அது போதுமான காரணம். விதி நல்லது என்பதற்கு அது காரணமாகாது. ஒப்புக்கொண்டவர்கள் அணி உரிமையாளர்கள். விளைவைச் சுமந்தவர்கள் ரசிகர்கள். 1967இல் சேர்ந்த ஆறு அணிகளும் அமெரிக்க நகரங்களுக்கே போயின, வான்கூவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆகவே கனடாவுக்கு இருந்தவை இரண்டே அணிகள், இரண்டும் நெரிசலான கிழக்கில். 1970இல் இரண்டும் வெளியேற, 1917இல் லீக் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக ஒரு கனடிய அணிகூட இல்லாத பிளே-ஆஃப் நடந்தது. மீண்டும் அப்படி நடக்க 2016 வரை ஆனது. ஹாக்கியைத் தன் தேசிய ஆட்டமாகக் கருதும் நாடு அந்த வசந்தத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தது.

1970-71இல் கோடு நகர்ந்தது. வான்கூவரும் பஃபலோவும் சேர்ந்தன, சிகாகோ மேற்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டது, அரையிறுதியில் இரு பிரிவு அணிகளும் ஒன்றோடொன்று மோதும்படி அமைப்பு மாறியது. இன்றைய விதிப்படி சமநிலையை உடைக்கும் வரிசையில் அடித்த மொத்தக் கோல் கடைசிப் படியில்தான் வருகிறது. 1971இல் மான்ட்ரியால் கிழக்கில் மூன்றாவதாக வந்து, 121 புள்ளி பெற்ற பாஸ்டனை முதல் சுற்றில் வீழ்த்தி, இறுதியில் சிகாகோவை ஏழாவது ஆட்டத்தில் வென்று கோப்பையைத் தூக்கியது. வழக்கமான பருவத்தில் ஆறே ஆட்டம் ஆடியிருந்த கென் டிரைடன் கோல்கீப்பராக நின்று, பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இதை முந்தைய ஆண்டின் நீதிக்குச் சான்றாகக் காட்ட நான் விரும்பவில்லை. டிரைடன் வந்தபின் அது வேறு அணி. கிழக்கில் மூன்றாவதாக வரும் அணி கோப்பைக்கே தகுதியானதாக இருக்க முடியும் என்பதை மட்டும் அது நிறுவியது.

கோடு இன்னும் முழுதாக நேராகவில்லை. 2018-19இல் அதே மான்ட்ரியால் 82 ஆட்டங்களில் 96 புள்ளி எடுத்தும் கிழக்கில் இடமில்லாமல் போனது. மேற்கில் கொலராடோ 90 புள்ளிகளுடன் உள்ளே சென்றது. அன்று 34 புள்ளியாக இருந்த இடைவெளி ஆறாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓர் அணி மயிரிழையில் தவறியது என்று கேட்கும்போது கடைசி நாளின் கோலை எண்ணுவதற்கு முன், கோட்டை வரைந்தவர் யார், அதன் மறுபக்கத்தில் எத்தனை புள்ளிக்கு இடம் கிடைத்தது என்று பட்டியல் முழுவதையும் பார்க்க வேண்டும். 1970இல் ரேஞ்சர்ஸ் விதிப்படி தகுதி பெற்றது, மான்ட்ரியால் விதிப்படி வெளியேறியது. ஆனால் 58 புள்ளிக்கு இடம் கொடுத்து 92 புள்ளியை வெளியே நிறுத்திய அந்த அமைப்பு நியாயமானதாக இருக்கவில்லை.