ஆபீசில் பொங்கல் விழாவா? கிராமத்து செட் முதல் கணக்கு ஒப்படைப்பு வரை முழு விவரம்

மார்கழி பாதி தாண்டிவிட்டால் போதும். ஆபீஸ், பேங்க், பனியன் கம்பெனி, ஜவுளிக்கடை என எல்லா இடத்திலும் “இந்த வருஷம் நம்ம இடத்துல பொங்கல் விழா உண்டா?” என்ற பேச்சு கிளம்பிவிடும். கலெக்டர் ஆபீஸ், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன்களில் ‘சமத்துவ பொங்கல்’ என்ற பெயரில் வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கண்ணாடி கட்டிடத்துக்குள்ளேயே கூரை வீடு, மாட்டு வண்டி, கிணறு என்று ஒரு கிராமத்தையே கொண்டு வந்து இறக்கிவிடுகிறார்கள்.

செட் போடுவது பெரிய விஷயம் இல்லை. யார் காசு போடுவது, யார் வேலை பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, தீப்பொறி விழுந்தால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கலே. நாலு பேர் சந்தோஷமா இருக்க நாற்பது பேர் மனம் கசந்தால் அது விழாவே இல்லை. உங்க இடத்தில் விழா வைக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

எந்த நாளில் வைக்கலாம்?

தை 1-ந்தேதி என்பது ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். அன்றைக்கும், அடுத்து வரும் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கலுக்கும் பெரும்பாலான ஆபீஸ்கள் பூட்டியிருக்கும். அதனால் 2, 3 நாள் முன்னாடியே விழாவை முடிச்சுடணும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுவதற்கு முந்தைய நாளாக இருந்தால் எல்லோரும் இருப்பார்கள்.

2 ஷிப்ட் ஓடும் கம்பெனி என்றால், ஷிப்ட் மாறும் நேரத்தில் பானை வைக்கலாம். அப்போதுதான் இரண்டு ஷிப்ட் ஆட்களும் பொங்கி வருவதைப் பார்க்க முடியும்.

“அதான் விழா வச்சாச்சே, லீவு எதுக்கு?” என்று சில இடங்களில் கேட்பதுண்டு. அது செல்லாது. தொழில் நிறுவனங்களுக்கான தமிழ்நாடு விடுமுறைச் சட்டம் 1958-லேயே வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களுடன், மேலும் 5 பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்தோடு லீவு தரவேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள லீவு. விழா வேறு, லீவு வேறு.

குழுவில் யார் யார்?

5 பேர் அல்லது 7 பேர் போதும். மேனேஜருக்கு வேண்டிய ஆட்களாகவே போடக்கூடாது. அலுவலகப் பிரிவில் ஒருத்தர், மெஷின் ஓட்டுபவர் ஒருத்தர், செக்யூரிட்டியில் ஒருத்தர், துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் என்று இருக்கட்டும். எந்த இடத்தில் தண்ணி தேங்கும், எந்த பிளக்கில் கரண்ட் அடிக்கும் என்பது வாட்ச்மேனுக்கும் துப்புரவு செய்பவர்களுக்கும்தான் அத்துப்படி.

கோலம் பெண்களுக்கு, சமையல் பெண்களுக்கு, மைக் மட்டும் ஆண்களுக்கு என்று பிரிப்பதையும் விட்டுடலாம். தேங்காய் துருவ, வெல்லம் நுணுக்க, பாத்திரம் கழுவ ஆண்கள் கை கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

காசு எப்படி?

முதலில் நிர்வாகத்தைக் கேளுங்க. பாதிச் செலவாவது அவர்கள் ஏற்றுக்கொண்டால் பாரம் குறையும். மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே அளவாக வசூலிப்பது நியாயம் இல்லை. 60 ஆயிரம் வாங்குபவரும் 10 ஆயிரம் வாங்குபவரும் ஒரே தொகை கொடுத்தால், ஒருத்தருக்கு அது டீ செலவு, இன்னொருத்தருக்கு வீட்டு மளிகை. சம்பளத்துக்குத் தக்கபடி பிரிங்க. ஒப்பந்தத் தொழிலாளர், ஹவுஸ் கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களிடம் வாங்காமல் விடுவது நல்லது.

யார் எவ்வளவு கொடுத்தார் என்று போர்டில் எழுதாதீங்க. வந்த மொத்தத் தொகை, ஆன செலவு, மிச்சம் ஆகிய மூன்றை மட்டும் பில்லோடு ஒட்டினால் போதும்.

‘எல்லோரும் ஒரே கலர் சேலை’ என்ற பேச்சு கண்டிப்பா வரும். பண்டிகை நேரத்தில் வீட்டுக்கே துணி எடுக்க முடியாமல் இருப்பவர்களுக்கு அது தண்டச் செலவு. ‘மஞ்சள் அல்லது பச்சை, வீட்டில் இருப்பதை உடுத்தி வாங்க’ என்று சொல்லிவிட்டால் போட்டோவும் நல்லா வரும், கடனும் இல்லை.

வாசல் அலங்காரம்

கிராமத்து செட் என்றதும் ஆயிரக்கணக்கில் கொட்டணும் என்று இல்லை. கீழே இருப்பதே போதும்.

* வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம். ஆள் மேல் சாயாதபடி கம்பத்தோடு சேர்த்துக் கட்டணும்.

* தோகையோடு கரும்பு. மூன்று மூன்றாகக் கூட்டி நுனியில் கட்டினால் வளைவு தயார். கரும்பை 20 கொண்ட கட்டாக விற்பது வழக்கம். எண்ணிப் பார்த்து வாங்குங்க. சென்னைக்காரர்களுக்கு கோயம்பேடு சிறப்புச் சந்தை இருக்கிறது. மற்ற ஊர்களில் உழவர் சந்தை பக்கம் கிடைக்கும்.

* மாவிலைத் தோரணம், தென்னங்குருத்துத் தோரணம். பிளாஸ்டிக் மாவிலை வேண்டாம்.

* இஞ்சிக் கொத்து, மஞ்சள் கொத்து. பானை கழுத்தில் கட்ட ஒன்று, வாசலுக்கு இரண்டு.

* முறம், உலக்கை, அம்மி, படி, மண்பானை, ஏர்க்கலப்பை. இதையெல்லாம் விலைக்கு வாங்காதீங்க. ‘வீட்டுல இருக்கிறதை ஒரு நாளைக்கு எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லிப் பாருங்க, குவிந்துவிடும். யாருடையது என்று பெயர்ச் சீட்டு ஒட்டி வைக்கணும்.

கோலத்தை டைல்ஸ் தரையில் போடும்போது கவனம். கோலமாவு சிதறினால் கால் வழுக்கும். நடக்கும் வழியை விட்டு ஓரமாகப் போடுங்க. முதலில் சாக்பீஸில் வரைந்துவிட்டு அப்புறம் கலர் போட்டால் பிசகாது.

கூரை செட்: உஷார்!

காய்ந்த ஓலையும் வைக்கோலும் பார்க்க அழகு. ஆனால் ஒரு பொறி போதும். 2004-ம் ஆண்டை தமிழ்நாடு மறக்காது. அந்த வருஷம் ஜனவரி 23-ந்தேதி ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் ஓலைப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உள்பட ஏராளமானோர் பலியானார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந்தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூட சமையல் கூடத்து நெருப்பு கூரையில் பற்றி 94 பிஞ்சுக் குழந்தைகள் கருகிப் போனார்கள்.

அதனால் கட்டிடத்துக்கு உள்ளே காய்ந்த ஓலை, வைக்கோல் வேண்டவே வேண்டாம். உள்ளே செட் போட்டே ஆகணும் என்றால் பச்சை ஓலையில் முடைந்த தட்டி, அட்டையில் கூரை மாதிரி வரைந்த படம் என்று முடிச்சுக்கங்க. அதன் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. ஓலைக் கூரை வேண்டும் என்பவர்கள் வெளியே திறந்த இடத்தில் போடுங்க. அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கணும்.

சீரியல் லைட் விஷயத்திலும் அப்படித்தான். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் லைட், மைக் செட், ஃபேன் என எல்லாவற்றையும் சொருகாதீங்க. ஒட்டுப்போட்ட வயரை ஓலை மேல் ஓட்டக்கூடாது. எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்க. வெளியே போகும் வழியையும் படிக்கட்டையும் கரும்புக்கட்டு வச்சு மறைக்கக் கூடாது. தீயணைப்பு சிலிண்டர் எங்கே இருக்கிறது, அதை எப்படி இயக்குவது என்று குறைந்தது 4 பேருக்காவது தெரிஞ்சிருக்கணும். அவசரத்துக்கு தீயணைப்பு நிலையம் 101, ஆம்புலன்ஸ் 108.

பானை வைப்பது எப்படி?

அடுப்பு வெளியேதான். டூவீலர் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து கல் கூட்டுங்க. பக்கத்திலேயே 2 வாளி தண்ணி, ஒரு வாளி மணல் தயாரா இருக்கணும்.

புதுப் பானையை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். ஒரு நாள் முழுக்க தண்ணியில் ஊறவைத்து, அப்புறம் அரிசி கழுவிய தண்ணியை ஊற்றி சிறு தீயில் கொதிக்க விட்டுப் பழக்கணும். மாற்றுப் பானை ஒன்றும் கையில் இருக்கட்டும்.

100 பேருக்கு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுக்க தோராயமான அளவு இது:

பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, வெல்லம் 4½ கிலோ, பால் 3 லிட்டர், நெய் முக்கால் கிலோ, முந்திரி 300 கிராம், திராட்சை 200 கிராம், ஏலக்காய் 30 கிராம்.

இவ்வளவையும் மண்பானையில் போட முடியாது. அரைக்கிலோ அரிசியை மட்டும் பானையில் பொங்க வையுங்க. மீதியைப் பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் செய்துக்கலாம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டணும், இல்லாவிட்டால் மண் நறநறக்கும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் பாகை ஊற்றணும். முன்னாடியே ஊற்றினால் அரிசி வேகாமல் நிற்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வெண்பொங்கல் கொஞ்சம் செய்து வையுங்க.

பால் பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ என்று குரல் கொடுக்கிற நேரம்தான் விழாவின் உச்சம். அந்த நேரத்தில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், கேண்டீன் தம்பி, டிரைவர்கள் எல்லோரும் பானையைச் சுற்றி நிற்கணும். 10 நிமிஷம் கேட்டுக்கு மேனேஜரே நின்றாலும் தப்பில்லை. வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்க. ஒடிசா, பீகார்க்காரர்களும் அதே நேரத்தில் மகர சங்கராந்தி கொண்டாடுபவர்கள்தான். பொங்கல் அறுவடைத் திருநாள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் சோறு ஒன்றுதான்.

மாடு கொண்டு வரலாமா?

சிலர் கன்றுக்குட்டியோடு பசுவை, ஜல்லிக்கட்டுக் காளையைக்கூட வரவழைக்கிறார்கள். பழகிய மாடாக இருந்து, உரிமையாளர் கூடவே நின்றால் சரி. மைக் செட்டுக்குப் பக்கத்தில் கட்டக்கூடாது. பலூன், விசில் ஆகாது. வழுவழுப்பான தரையில் ஏற்றினால் மாட்டுக்குக் கால் வழுக்கும். நிழலும் தண்ணியும் அவசியம். செல்பி எடுக்கிறேன் என்று கொம்பைப் பிடிக்கிற வேலை வேண்டாம்.

விளையாட்டு

உறியடி, கயிறு இழுத்தல், கோலப்போட்டி, இசை நாற்காலி போதும். உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பைச் சுற்றுவதால், சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தணும். கயிறு இழுத்தலில் ஆபீஸ் ஒரு பக்கம், ஒர்க்ஷாப் ஒரு பக்கம் என்று பிரிக்காமல் கலந்து போடுங்க. பரிசு எவர்சில்வர் டம்ளராக இருந்தாலும் வீட்டில் புழங்கும். பறை, நாதஸ்வரக் கலைஞர்களை அழைத்தால் பேசிய பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்து, சாப்பிட வைத்து அனுப்புங்க.

இலை, தொன்னை போதும்

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு, தெர்மாகோல் தட்டு, தண்ணி பாக்கெட், உறிஞ்சு குழல் எல்லாம் இந்தத் தடையில் அடக்கம். வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை, எவர்சில்வர் டம்ளர் என்று வைத்தால் கிராமத்து செட்டுக்கும் பொருத்தமா இருக்கும்.

விழா முடிஞ்ச பிறகு...

போட்டோ எடுத்ததும் எல்லோரும் கிளம்பிவிட, துப்புரவு அக்கா மட்டும் இருட்டும் வரை கூட்டிக்கொண்டு இருப்பது பல ஆபீஸ்களில் நடக்கும் கதை. அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து ஒதுங்க வைத்துவிட்டுப் போகணும் என்று முதலிலேயே பேசி வைங்க. கரும்பைப் பிரித்துக் கொடுக்கலாம். வாழை மரமும் இலையும் மாட்டுக்குப் போகட்டும். அடுப்பில் தண்ணி ஊற்றி, கங்கு அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கேட்டைப் பூட்டணும். பழைய ஃபைல், டயர், பிளாஸ்டிக்கை போகி என்ற பெயரில் கொளுத்தாதீங்க.

கடைசியா, ஒரு வாரத்துக்குள் கணக்கை போர்டில் ஒட்டிவிடுங்க. மிச்சம் இருந்தால் அதை என்ன செய்வது என்று எல்லோரையும் கேட்டு முடிவு பண்ணுங்க. கணக்கு சுத்தமா இருந்தால், அடுத்த மார்கழியில் யாரும் கூப்பிடாமலேயே குழுவுக்கு ஆள் வரும்.