மூட்டையின் பின்பக்கம்

மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் பாட்டி காலத்துப் பூனைக்குத் தனிச் சாப்பாடு கிடையாது. மிச்சச் சோறு, மீன் தலை, அதுவாகப் பிடிக்கும் எலி. பூனையின் உடல் டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்ளாது. எலியின் இதயத்திலும் தசையிலும் அது நிறைய இருந்தது.

நாம் 'பூனை பிஸ்கட்' என்கிற உலர் உணவு ஆலையில் பிறந்தது. 1957இல் பியூரினா, மாவை அழுத்தி வேகவைத்துப் பொரியச் செய்யும் முறையில் நாய் உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பூனை உணவும் அதே வழியில் வந்தது. 1975இல் ஓர் ஆய்வு, டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று காட்டியது. 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் பியோன் என்ற கால்நடை மருத்துவரும் சக ஆய்வாளர்களும், கடை உணவையே சாப்பிட்ட பூனைகளின் இதயம் விரிந்து பலவீனமாவதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் பல தேறின. அதன் பிறகே நிறுவனங்கள் அளவைக் கூட்டின.

ஆக, 'முழுமையான உணவு' என்ற சொல் அப்போதும் மூட்டையில் இருந்தது. பூனைகள் செத்துத்தான் அது திருத்தப்பட்டது.

இன்று கருத்தடை செய்த பூனைக்குக் கலோரி குறைய வேண்டும். வயதானதுக்கோ புரதம் குறையக் கூடாது, சிறுநீரகத்தையும் டாக்டரிடம் பார்த்துக்கொள்ளணும். அரிப்பு, வாந்தி இருந்தால் 'தானியம் இல்லை' என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். பூனைகளுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. நாம் பாசமாகப் போடும் மீனே காரணமாக இருக்கலாம். முன்பக்கப் படத்தை விடுங்க, பின்பக்கத்தைப் படிங்க.