குழிப்பந்தாட்டப் புல்தரையில் மண்புழு மேலாண்மை

குழிப்பந்தாட்டப் புல்தரையில் மண்புழு மேலாண்மை என்பது குழிப்பந்தாட்டத் (கோல்ஃப்) திடல்களில் மண்புழுக்கள் தரைமேல் தள்ளும் எச்சக் குவியல்களைக் கட்டுப்படுத்தும் நடைமுறைகளைக் குறிக்கும். உழவரின் நண்பன் எனப் பாடநூல்கள் போற்றும் உயிரி இங்கு தொல்லையாகக் கருதப்படுவது வியப்பளிக்கலாம். மண்புழு உயிருள்ள புல்லைத் தின்பதில்லை. சிக்கல் அதன் எச்சத்தில் மட்டுமே உள்ளது.

சிக்கலின் தன்மை

குழியைச் சூழ்ந்த 'கிரீன்' எனப்படும் பகுதியில் புல் ஏறத்தாழ 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டப்படுகிறது. அங்கு ஒரு சிறு மண்கட்டியும் பந்தின் போக்கை மாற்றிவிடும். ஈரமான எச்சம் காலடியிலும் உருளையிலும் நசுங்கிப் புல்லை மூடுகிறது; வெட்டுபொறியின் கத்தியும் மழுங்குகிறது. மண் ஈரமாக உள்ள காலத்திலேயே எச்சம் மிகுதியாக வெளிப்படும் என்பதால், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு உரியது. இங்குள்ள மண்களில் பரவலாகக் காணப்படும் இனம் லாம்பிட்டோ மௌரிட்டி ஆகும்.

இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்கிறது எனச் சார்லசு டார்வின் 1881 இல் வெளியான தம் நூலில் கணித்தார்.

இலுப்பைப் புண்ணாக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியத் திடல்களில் 'மௌரா மாவு' எனும் பொருள் பெரிதும் பயன்பட்டது. இது இந்தியாவிலிருந்து சென்ற இலுப்பைப் புண்ணாக்கே. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் இப்புண்ணாக்கைத் தமிழர் தலைக்குத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி வந்துள்ளனர். கொடும்பாளூருக்கு அண்மையிலுள்ள இலுப்பூர் இம்மரத்தின் பெயரையே தாங்கியது என்பர்.

புண்ணாக்கில் நுரையை உண்டாக்கும் சப்போனின் புழுவின் ஈரத்தோலை உறுத்துகிறது. மண்புழு தோலாலேயே சுவாசிப்பதால் அது தாங்காமல் மேலே வருகிறது. தூளைத் தூவி நிறைய நீர் பாய்ச்சி, வெளிவந்த புழுக்களைப் பெருக்கி அகற்றினர்.

இயற்கைப் பொருள் என்பதால் இது தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. இந்திய மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்வதற்கு எக்டேருக்கு 2,500 கிலோகிராம் அளவில் இடப்படுவதும் இதே புண்ணாக்குதான். திடலிலிருந்து வடியும் நீர் ஏரி, குளங்களைச் சேருமாயின் விளைவு கடுமையாகும். தேயிலை இனத்தைச் சேர்ந்த கமேலியா விதைகளின் தூளிலும் சப்போனின் உள்ளதால் இதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

வேதிப்பொருட்கள்

பின்னர் வந்த குளோர்டேன் ஒருமுறை இட்டால் பல்லாண்டு நிலைத்துப் புழுக்களைக் கொன்றது. அந்நிலைப்பே அதன் குற்றமுமாயிற்று. 2001 ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட 12 நச்சுப்பொருள்களுள் அதுவும் ஒன்று. அதன்பின் பயன்பட்ட கார்பென்டசிம் பிரித்தானியப் புல்தரைகளிலிருந்து 2010களின் பிற்பகுதியில் விலக்கப்பட்டது.

தற்கால நடைமுறை

வெட்டிய புல்லை அகற்றுதல் புழுவின் உணவைக் குறைக்கும். எச்சம் உலர்ந்தபின் நீண்ட மூங்கிற் கழியால் வீசிக் கலைப்பது மிகப் பழைய முறை. ஈரத்தில் கலைத்தால் கேடே மிஞ்சும். மணல் தூவுவதும் உண்டு.

அம்மோனியம் சல்பேட்டு இட்டு மண்ணை அமிலமாக்குவது மற்றொரு வழி. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் நிலையத்தில் 1856 இல் தொடங்கிய புல்வெளி ஆய்வில், இவ்வுரத்தால் அமிலமான பாத்திகளில் மண்புழுக்கள் அற்றுப்போயின. ஆனால் அங்கு மட்கப் புழுக்கள் இன்மையால் பழைய புல் மெத்தைபோல் மேலே தேங்கியது. புழு இட்ட துளைகள் இல்லாவிடில் மழைநீர் இறங்குவதும் குறையும். ஆகவே கிரீன் பகுதியில் மட்டும் கட்டுப்படுத்தி, எஞ்சிய பரந்த தரையில் புழுக்களை விட்டுவைப்பதே ஏற்புடையது.