‘கேட்டமரான்’ என்னும் ஆங்கிலச் சொல்: பிறப்பும் பொருள் திரிபும்

தமிழினின்று ஆங்கிலம் புக்க சொற்களைத் தொகுத்தோர் பலர். அத்தொகுப்புகளில் தவறாது இடம்பெறும் சொல் ‘கேட்டமரான்’. ‘கட்டுமரம் என்பதன் திரிபு’ என்று ஒரு வரியில் கூறி மேற்செல்வது அவர் வழக்கம். பிறப்பைப் பொறுத்தவரை அக்கூற்று உண்மையே. ஆயினும், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் வாழ்ந்த அச்சொல் ஆங்கு எய்திய பொருள்கள் பல. அவற்றுள் இரண்டு இன்று ஆங்கிலேயருள்ளும் சிலரே அறிவன. எஞ்சிய ஒன்றோ நம் நாட்டுக்கே மீண்டு வந்து நம்மவரை மயக்குகின்றது. அம்மயக்கத்தை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் தமிழ்ச் சொல்லை நோக்குவோம். கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் அது பொருந்தும். இஃது இலக்கண அளவில் நிற்பதன்று. பரதவர் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்துவர். மறுமுறை கடல் புகுங்கால் மீண்டும் பிணைப்பர். நேற்றுக் கட்டியதும் நாளைக் கட்டப்போவதும் அதே மரங்களே. ஆணியும் இல்லை, உள்ளீடான உடலும் இல்லை. இடுக்குகளின் வழியே நீர் ஏறி இறங்குதலால், அலை மோதினும் நிரம்பி மூழ்குதற்கு இடமில்லை. ஆதலின் அலை ஓங்கி உடையும் திறந்த கரைகளுக்கு ஏற்ற கலம் அது.

எல்லாக் கரைக்கும் உரிய கலம் அன்று என்பதையும் ஈண்டுக் கருதல் வேண்டும். கோடியக்கரைக்குத் தெற்கே, பாக் விரிகுடாவின் மேல்கரையில் அமைந்தவை ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்கள். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையுமுன் அப்பகுதி தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்குக் கடல் ஆழமற்றது. சோழமண்டலக் கரையின் பேரலை அங்கில்லை. அவ்விரிகுடாக் கரைக்குரிய பழைய பாய்க்கலம், பலகையால் உடல் அமைந்த ‘வத்தை’ ஆகும். காற்றில் சாயாதிருக்கக் குறுக்கே நிறைப்பலகை இடுதல் அதன் சிறப்பு. இன்று ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகளே மிகுதி. வத்தையும் தமிழர் கலமே. எனினும் ஆங்கிலேயர் நாவில் அது நிலைபெறவில்லை. நிலைபெற்றது கட்டுமரமே. அதற்குக் காரணம் சென்னை. துறைமுகம் அமையாத காலத்தில் அங்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பேரலையைக் கடந்து கடிதம் கொண்டு முதலில் கப்பலை அணுகுவோர் கட்டுமரக்காரர். கடிதம் நனையாவண்ணம் தலைக்குல்லாயில் வைத்துக் கொணர்வர். இந்தியாவுக்குப் புதிதாக வந்த ஆங்கிலேயர் பலர் கண்ட முதற்காட்சி அதுவாயிற்று.

ஐரோப்பியர் எழுத்தில் இச்சொல் அதற்கும் முற்பட்டது. வெனிசு நகரத்துக் காசுபரோ பால்பி 1583-ஆம் ஆண்டுச் செய்தியாக ஏழு மரங்களைப் பிணைத்த கலத்தை விரித்துரைத்து, அதன் பெயரை இத்தாலிய வடிவில் தருகின்றார். ஆங்கிலத்தில் பிரையர் 1673-ஆம் ஆண்டுச் செய்தியிலும், டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலிலும் இதனைக் குறிக்கின்றனர். யூலும் பர்னலும் 1886-இல் வெளியிட்ட அகராதியில் இச்சான்றுகளைத் தொகுத்தனர். இவ்வளவும் மூலப் பொருள் மாறா நிலை.

முதல் திரிபு போர்க்களத்தில் நிகழ்ந்தது. நெப்போலியன் இங்கிலாந்தின்மீது படையெடுக்கப் பூலோன் துறையில் கலங்களைத் திரட்டியிருந்தான். அவற்றை அழிக்க அமெரிக்கரான இராபர்ட் புல்டன் வெடிமருந்துப் பேழைகளை வகுத்துக் கொடுத்தார். கடிகாரப் பொறியால் வெடிக்கும் அப்பேழைகள் நீர்மட்டத்தோடு ஒட்டி மிதப்பன. அவற்றைத் துழாவிச் செல்லும் வீரனும் மரங்களுக்கிடையே இடுப்பளவு நீரில் அமர்ந்திருப்பான். இக்காட்சி சென்னைக் கரையை நினைவூட்டியமையால் போலும், கடற்படையார் அக்கருவியைக் ‘கேட்டமரான்’ என்றனர். 1804 அக்டோபர் 2-ஆம் நாள் இரவில் நடந்த தாக்குதலில் பெரும்பயன் விளையவில்லை. இலண்டனில் எள்ளலே மிஞ்சியது. மறு ஆண்டு அக்டோபர் 21-இல் திரபால்கர் வெற்றி கிட்டியபின் கருவியும் மறைந்தது, அப்பொருளும் வழக்கொழிந்தது.

இரண்டாம் திரிபு வியப்புக்குரியது. 1830-களில், கடற்படை அதிகாரியாய் இருந்து புதினம் எழுதிய மாரியத் முதலியோர் நூல்களில் ‘கேட்டமரான்’ என்பது சண்டைக்காரியைக் குறிக்கும் வசைச்சொல்லாக வருகின்றது. சொல்லின் முதலசை ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்பதோடு ஒலியால் ஒத்தலே காரணம் எனலாம். காட்டுப் பூனைக்குக் ‘கேட்டமவுண்ட்’ என்னும் பெயர் உண்மையும் இதற்குத் துணை. அணுகினால் வெடிக்கும் 1804-ஆம் ஆண்டுக் கருவியின் நினைவும் கலந்திருக்கலாம் என்பது யான் கருதுவது. எவ்வாறாயினும், கட்டும் மரமும் இச்சொல்லுள் உளவென்பதை ஆங்கில மக்கள் அப்போதே மறந்துவிட்டனர் என்க.

மூன்றாம் திரிபே இன்று நிலைத்திருப்பது. 1876-இல் அமெரிக்கக் கலவினைஞர் நதானியேல் ஹெரஷாப் ‘அமரில்லிசு’ என்னும் பாய்க்கலத்தை நியூயார்க்குப் போட்டியில் செலுத்தி வென்றார். இரண்டு ஒடுங்கிய உடல்களை இடைவெளிவிட்டு இணைத்த கலம் அது. அத்தகைய கலத்திற்குக் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் உரியதாயிற்று. ஆயின் இரட்டையுடல் அமைப்புப் பசிபிக் தீவினர் பன்னெடுங்காலம் கையாண்டது. இங்கிலாந்திலும் 1660-களில் வில்லியம் பெட்டி இரட்டையுடற் கலம் சமைத்தார். அப்போது அதற்கு இப்பெயரில்லை. பொருள் பசிபிக்கினது, பெயர் தமிழருடையது.

பின்னும் ஒரு படி உண்டு. 1940-களில் விக்டர் செட்செட் என்பார் மூன்று உடலுடைய கலத்திற்கு ‘டிரைமரான்’ எனப் பெயரிட்டார். ‘மூன்று’ எனப் பொருள்படும் முன்னொட்டு ‘கட்டு’ நின்ற இடத்தில் ஏறியது. கட்டு அற்றது, மரம் மட்டும் எஞ்சியது, அம்மரமும் ‘கலத்தின் உடல்’ எனப் பொருள் மாறியது. சொல்லைப் பிழையாகப் பிரித்தலால் பிறந்த புதிய ஈறு இது. பின்னர் ஐந்துடற் கலத்திற்கும் அவ்வீறே சேர்ந்தது. நம் பரதவரும் தம் கலத்தைச் சுருக்கமாக ‘மரம்’ என்றே வழங்குவர். ஆயின் அது கட்டை நன்கறிந்தார் செய்த சுருக்கம்.

இனி, நம்மவர் மயக்கம். ஆங்கில நூல்களில் ‘கேட்டமரான்’ எனக் கண்ட இடமெல்லாம் ‘கட்டுமரம்’ என மொழிபெயர்த்து, இரட்டையுடற் கலமே தமிழர் கண்டதென எழுதுவார் உளர். இராசேந்திரன் 1025-இல் கடாரம் வென்றதும் அத்தகைய கலங்களாலேயே என அவர் மேலும் கூறுவர். மெய்க்கீர்த்தி கூறுவது ‘கலம்’ என்னும் பொதுச்சொல்லையே. அதன் உடல் ஒன்றா இரண்டா என்பதற்கு ஆங்குக் குறிப்பில்லை. 1876-க்குப் பின் அமெரிக்காவில் ஏறிய பொருளைப் பதினோராம் நூற்றாண்டுச் சோழர்மேல் ஏற்றுதல் வரலாறாகாது. கட்டுமரத்தின் பெருமை அதன் கட்டிலும் அலை கடக்கும் திறத்திலும் உள்ளது. பிறர் கலத்தை இரவல் பெறும் தேவை அதற்கில்லை.

கலைச்சொல் ஆக்குவோர் ஹெரஷாப் வகைக் கலத்தை ‘இரட்டையுடற் கலம்’ என்றே வழங்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் மரக்கலம் இழந்த கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கயிறு கட்டும் கைகளும் அதனால் அருகின. வத்தைக்கும் அந்நிலையே. ஆகவே கட்டுமரத்தின் உறுப்புப் பெயர்கள், முடிச்சுப் பெயர்கள், மரங்களை அடுக்கும் முறைப் பெயர்கள் ஆகியவற்றை முதியோர் வாய்மொழியினின்று தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு உரிய ஆய்வுப்பணி. ஜெகதாப்பட்டினம் முதல் தொண்டி வரை வத்தையின் சொற்களையும் உடன் தொகுத்தல் வேண்டும்.