நரம்பை விறைக்கப்பண்ணின கதை

வயிற்றில ஒப்பரேசன் செய்த ஆக்களைப் பார்க்கப் போனால், “இருமத்தான் ஏலாமக் கிடக்கு” எண்டு சொல்லுவினம். அந்த நோவுக்கு நெடுங்காலமாக முதல் மருந்து மோர்பின். அளவு கூடினால் சத்தியும் வரும், மூச்சும் மந்தமாகும்.

1884 இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெய்ன் கரைசலால் கண்ணை விறைக்கச் செய்து காட்டினார். செய்தி நியூயோர்க் வந்ததும், சத்திரசிகிச்சை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்புக்குக் கிட்ட ஊசியால் ஏற்றினார். அந்த நரம்பு போற பகுதி முழுக்க விறைத்தது. பரிசோதித்தது யாரில? தன்னிலும் தன் சகாக்களிலும்தான். கொஞ்சக் காலத்திலேயே கொக்கெய்னுக்கு அடிமையானார். 1885 இல் அவர் எழுதின கட்டுரையின் முதல் வசனத்துக்குத் தலையுமில்லை, வாலுமில்லை. கூட இருந்த சிலர் மீளவேயில்லை. அவர்களை யார் நினைக்கினம்?

ஹால்ஸ்டெட் கொக்கெய்னை விட மோர்பினைப் பிடித்தார். பிறகு மோர்பின் அவரை விடவில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பெரும் பேராசிரியராக இருந்தபோதும் அதை எடுத்ததைச் சக பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர் இரகசியமாக எழுதிவைத்தார். அது வெளிவந்தது 1969 இல்.

வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையில் ஓடும் நரம்புகளை, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஊசி போட்டு விறைக்கப்பண்ணலாம் எண்டு ரஃபி என்ற வைத்தியர் 2001 இல் எழுதினார். 2007 இல் அயர்லாந்தில், குடலில் சத்திரசிகிச்சை செய்த 32 பேரில் பாதிப் பேருக்கு இந்த ஊசி. முதல் 24 மணித்தியாலத்தில் ஊசி போடாதவைக்கு சராசரியாக 80 மில்லிகிராம் மோர்பின் தேவைப்பட்டது, போட்டவைக்கு 22. ஹால்ஸ்டெட்டைப் பிடித்த அதே மோர்பின்தான். ஆனா உள்ளுறுப்புகளின் நோவை இந்த ஊசி தொடாது. அதுக்கு வேற மருந்தும் வேணும்.