துவக்கின் விலை

பழைய துவக்கு ஒன்றை விலை பேச வருபவன் முதலில் அதன் குழலை நோக்குவான். துரு ஏறியுள்ளதா, பிளவு உண்டா என ஆராய்வான். பின்னர் விசையை இழுத்துப் பார்ப்பான். கட்டையைத் தோளிற் பொருத்திப் பார்ப்பான். இத்தனையும் செய்த பின்னரே விலையைக் கேட்பான். ஆயினும், எப்பொருளால் விலை கொடுப்பது, கணக்கை எழுதுவோர் யார், கடன் தீராவிடின் ஈடு யாது என்னும் மூன்றையும் தெளிவாக்காது கைகொடுப்பவன், நல்ல துவக்கையே வாங்கினாலும் நட்டமே அடைவான். இவ்வுண்மையை இலங்கை பெருவிலை கொடுத்துக் கற்ற இடம் மட்டக்களப்பு வாவிக்கரை. கற்ற ஆண்டு 1638.

துவக்கு என்பதும் துப்பாக்கி என்பதும் துருக்கி மொழியிலிருந்து வந்த சொற்கள். ஈழநாட்டில் அக்கருவியின் ஆற்றலைப் பரவலாக உணர்த்தியவர்கள் 1505இல் வந்த போர்த்துக்கேயராவர். எனினும், அதன் நுட்பம் நெடுங்காலம் அவர்களிடம் மட்டும் தங்கியிருக்கவில்லை. நம் நாட்டுக் கொல்லர் அதனை விரைவிற் கற்றனர். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அழகும் வலிமையும் வாய்ந்த துவக்குகளைத் தாமே வார்த்தனர். ஆகவே கண்டியரசர்க்குக் கைத்துவக்கு அரிதான பொருளன்று. அவர்கள் அடையமாட்டாதிருந்தவை இரண்டு: கற்கோட்டைகளைத் தகர்க்கும் பெரும்பீரங்கிகளும், கடலை அடைத்து நிற்கும் போர்க்கப்பல்களும். மலைநாட்டிலே எத்தனை போர்களில் வென்றாலும், கடற்கரைக் கோட்டையிலே பகைவர்க்குக் கோவாவிலிருந்து உணவும் படையும் வந்துகொண்டிருக்குமாயின் அவ்வெற்றி நிலைபெறாது. இக்குறையை நிரப்பவே கண்டி மன்னர் அயலாரோடு விலை பேசத் தலைப்பட்டனர்.

அப்பேச்சின் தொடக்கமும் மட்டக்களப்பே. 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிசு வான் இசுபில்பேர்கன் என்னும் ஒல்லாந்துத் தளபதி இக்கரையை அடைந்தான். அவன் நாடி வந்தவை மிளகும் கறுவாவும். இங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதருமசூரியனைக் கண்டான். மன்னன் சொன்ன விலை வணிகனுக்கு மிகையாகத் தோன்றியது. அந்நிலையில் இசுபில்பேர்கன் பேச்சை மாற்றினான். தான் வணிகத்தின் பொருட்டு மட்டும் வரவில்லை, போர்த்துக்கேயர்க்கு எதிராகத் தன் நாட்டு இளவரசர் மொரிசின் நட்பை வழங்கவே வந்ததாகக் கூறினான். அதைக் கேட்ட மன்னன் பெருமகிழ்ச்சி கொண்டு, கையிருந்த சரக்கை விலையின்றியே அளித்தான் என்று அப்பயணக் குறிப்பு கூறுகின்றது. கறுவாவின் விலையில் உறுதியாக நின்றவன், படைத்துணை என்றதும் விலையையே மறந்தான். வாங்குவோனின் அவசரத்தை விற்போன் அன்று அறிந்துகொண்டான்.

அவசரத்தில் முளைத்த நட்பு அடுத்த ஆண்டே வாடியது. செபால்ட் டி வேர்ட் என்னும் மற்றொரு தளபதி 1603இல் மட்டக்களப்புக்கு வந்தான். தான் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களை அவன் மன்னனின் விருப்பத்திற்கு மாறாக விடுவித்தான். மன்னன் நேரில் வந்தபோது சொல்லுக்குச் சொல் மூண்டு, டி வேர்ட்டும் அவனோடு கரையிறங்கிய பலரும் கொல்லப்பட்டனர். எவரைப் பகைவராகக் கொள்வது, கொள்ளை யாருக்கு உரியது என்பன முன்னரே பேசி முடிக்கப்படாமையே இப்பேரிழப்பின் வேர்.

பின்னர் வந்த ஆண்டுகளில் போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டனர். 1628ஆம் ஆண்டளவில் வாவியின் நடுவேயுள்ள புளியந்தீவிலே கோட்டை ஒன்றைக் கட்டி, கண்டிக்குரிய கீழைக்கடல் வாயிலை அடைத்தனர். 1635இல் அரசுரிமை பெற்ற இரண்டாம் இராசசிங்கன் இதனைப் பொறுத்திருக்கவில்லை. 1636ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கரையிலுள்ள பழவேற்காட்டு ஒல்லாந்தர்க்கு ஓலை எழுதி, ஓர் அந்தணர் கையில் அனுப்பினான். 1638 மார்ச்சு 28இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அவன் தன் படைகொண்டே அழித்தான். அவர்தம் தளபதியும் களத்தில் மாண்டான். இருப்பினும் கோட்டைகள் பகைவர் கையிலேயே இருந்தன.

அதே ஆண்டு மே மாதத்தில் ஆதம் வெசுதர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்துக் கப்பல்கள் வந்தன. மே 18ஆம் நாள், சில மணி நேரப் பீரங்கித் தாக்குதலின் பின் மட்டக்களப்புக் கோட்டை பணிந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், அவ்வூரிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது.

அதன் சாரம் இதுவே. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரைத் துரத்த உதவுவர். கப்பலுக்கும் படைக்கும் ஆகும் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பொருள்களாற் செலுத்துவான். ஒல்லாந்தர் தவிர்ந்த பிற ஐரோப்பியர்க்கு நாட்டிலே வணிக உரிமை இல்லை. முதலிற் பார்ப்போர்க்கு இது நேரான பண்டமாற்றே.

ஆனால் விலை பேசுவோன் கேட்கவேண்டிய அம்மூன்று வினாக்களையும் இங்கே கேட்டுப்பார்த்தல் தகும். எப்பொருளால் விலை? கறுவாவால். அக்கறுவாவின் சிறந்த பகுதி விளைந்ததோ மேற்கு, தென்மேற்குத் தாழ்நிலங்களில். அவை அன்று போர்த்துக்கேயர் வசம். அந்நிலங்களைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை ஏற்றவரே அவற்றிற் குடியேறினாரெனின், கறுவா தானாகவே அவர் கைக்குப் போய்விடும். பின் மன்னன் எதைக் கொடுத்துக் கடனைத் தீர்ப்பான்? கணக்கை எழுதுவோர் யார்? ஒல்லாந்துக் கம்பெனியாரே. கப்பற்செலவும் படைச்சம்பளமும் அவர்தம் ஏட்டிலே ஆண்டுதோறும் ஏறின. கடன் தீராவிடின் ஈடு யாது? இதற்கு விடை மூன்றாம் உறுப்புரையில் இருந்தது. பிடிக்கப்படும் கோட்டைகளிலே ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றியது அது. மன்னன் வைத்திருந்த போர்த்துக்கேய மொழிப் படியிலே, மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் பொருளுடைய தொடர் இருந்தது. ஒல்லாந்தர் படியில் அத்தொடர் இல்லை. ஒரு தொடரின் இடைவெளியிலே ஒரு நாட்டின் கடற்கரை நழுவியது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1639இல் திருகோணமலையும், 1640இல் நீர்கொழும்பும் காலியும் பிடிபட்டன. கறுவா விளையும் நிலத்திற்கு அண்மையிலுள்ள காலியையும் நீர்கொழும்பையும் கடனுக்கு ஈடெனக் காட்டி ஒல்லாந்தர் பற்றிக்கொள்ள முனைந்தனர். கறுவா விளையாத திருகோணமலையையும் மட்டக்களப்பையும் மட்டும் மன்னனிடம் திருப்பிக் கொடுத்தனர். இழப்பில்லாத இடத்திலே சொல் காத்தல் எவர்க்கும் எளிதன்றோ! காலியை வென்ற வில்லெம் கொசுதர் கணக்குத் தீர்க்கக் கண்டிக்குச் சென்று, மனக்கசப்புடன் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் 1640 ஆகத்தில் கொல்லப்பட்டான்.

1656 மே மாதத்திலே கொழும்பு வீழ்ந்தது. முற்றுகைக்கு உதவிய மன்னனின் ஆட்கள் நகருக்குள் விடப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி இந்நிகழ்ச்சியோடு சேர்த்தே இன்றும் வழங்குகின்றது. மட்டக்களப்பையும் ஒல்லாந்தர் 1668இல் மீளக் கைக்கொண்டனர்.

இவ்விலையை உண்மையில் கொடுத்தவர் யாவர் என்பதையும் எண்ணவேண்டும். அரண்மனைக் கருவூலம் அதனைக் கொடுக்கவில்லை. காட்டிற்குள் சென்று கறுவாப்பட்டை உரித்தவரும், தேனடை பிழிந்து மெழுகு சேர்த்தவரும், அரச ஊழியம் என்னும் பெயராற் சுமை தூக்கியவருமே கொடுத்தனர். உடன்படிக்கையின் எப்படியிலும் அவர்தம் பெயர் இல்லை.

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனைக்குள்ளே புகுந்து கொள்ளையிட்டனர். மறு ஆண்டின் உடன்படிக்கையாற் கடற்கரை முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். அக்கொள்ளையில் அகப்பட்டவற்றுள் அணிசெய்யப்பட்ட சிறு பீரங்கி ஒன்றும், மகா துவக்கு எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் இருந்தன. பல தலைமுறை ஆம்சுதர்தாம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அவை, 2023ஆம் ஆண்டு ஒல்லாந்து அரசினால் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டன. அவற்றிற்கு விலை பேசப்படவில்லை.

அந்தத் துவக்குகள் இப்போது வெடிக்கமாட்டா. ஆனால் அவற்றைக் காணும் மாணவர் ஒருவர், வலியவரின் உதவிக்கு விலை யாது, அதனை எப்பொருளால் யார் கொடுப்பது, இரு படிகளிலும் ஒரே சொல் உள்ளதா என்று கேட்கப் பழகுவாராயின், புளியந்தீவிலே வாவியை நோக்கி நிற்கும் கோட்டை அவர்க்கு ஒரு பாடநூலாகும்.