சுருதி சேராத பழைய கிளாரினெட்: கோளாறு வாத்தியத்தில் இல்லை

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவனின் வீட்டில் அவனுடைய அப்பப்பா வாசித்த மரக் கிளாரினெட் ஒன்று இருக்கிறது. பாடசாலை பாண்டில் வாசிக்கலாம் என்று எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கீபோர்டுடன் ஒரு சுரமும் சேரவில்லை. "பழுதாகிவிட்டது, துளைகளை மாற்றித் தருகிறேன்" என்று திருத்துபவர் ஒருவர் சொன்னாராம். கொடுப்பதற்கு முன் என்னிடம் கேட்டார்கள். நான் சங்கீத ஆசிரியர் அல்ல, வரலாறு படிப்பிப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது.

முதலில் முத்திரையைப் பாருங்கள் என்றேன். மரத்தில் கம்பனியின் பெயர் அழுத்தப்பட்டிருக்கும். வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். லண்டனின் பூஸி கம்பனியும் ஹாக்ஸ் அன்ட் சன் கம்பனியும் 1930இல் ஒன்றாகின. எனவே இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அது 1930க்குப் பிந்தியது. ஹாக்ஸ் அன்ட் சன் என்று மட்டும் இருந்தால் முந்தியது என்று கொள்ளலாம். கடையின் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. பிரான்சில் செய்த வாத்தியங்களில் தங்கள் பெயரை அடித்து விற்ற லண்டன் கடைகள் பல இருந்தன.

அடுத்து, பெயருக்குக் கீழே எச்.பி. அல்லது எல்.பி. என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எச்.பி. என்றால் உயர் சுருதி, எல்.பி. என்றால் தாழ் சுருதி. அந்த மாணவன் அனுப்பிய படத்தில் எச்.பி. என்று தெளிவாகவே இருந்தது.

இன்று உலகம் முழுக்க 'ஏ' என்ற சுரம் செக்கனுக்கு 440 அதிர்வு. இது 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு ஒத்துக்கொண்ட அளவு. அதற்கு முன் ஊருக்கு ஒரு சுருதி இருந்தது. பிரித்தானிய இராணுவ பாண்டுகள் 1920களின் இறுதி வரை ஏறக்குறைய 452 அதிர்வில் வாசித்தன. வித்தியாசம் கிட்டத்தட்ட அரை சுரத்தின் பாதி. வாத்தியமும் அதற்கேற்பக் கொஞ்சம் குட்டையாக, துளைகள் நெருங்கி அமைந்திருக்கும். மேல்மூட்டை இழுத்து நீட்டினால் மேல் துளைகளின் சுரம் அதிகமாக இறங்கும், கீழ்த் துளைகளின் சுரம் குறைவாக இறங்கும். அப்போது வாத்தியம் தனக்குத்தானே சேராமல் போய்விடும். துளையை மாற்றுவது அதைவிட மோசம். ஒருமுறை துளைத்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

இராணுவ சுருதி கொழும்புக்கு ஏன் வந்தது? இங்கே பாண்ட் வாத்தியம் படையோடுதான் வேரூன்றியது. மலாய் வீரர்கள் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. அதிலிருந்த பலர் பொலிஸில் சேர்ந்தார்கள். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களில் அந்த நினைவு இன்னும் உண்டு. 1881இல் தொண்டர் படை உருவானது. பிரித்தானிய ஆட்சியில் இப்படிப்பட்ட பாண்டுகளுக்கு வாத்தியம் லண்டனிலிருந்து வந்தால், சுருதியும் லண்டன் இராணுவத்தின் சுருதியாகவே இருக்கும்.

சாவிகளையும் பாருங்கள். கிளாரினெட் 1700ஐ ஒட்டி ஜேர்மனியின் நூரம்பேர்க்கில் டென்னர் என்பவரின் பட்டறையில் பிறந்தது. 1812இல் ஐவான் முல்லர் 13 சாவி வைத்த வாத்தியத்தைப் பாரிஸில் காட்டினார். அந்த வழியில் பிரஸ்ஸல்ஸ் நகரின் அல்பேர்ட் செம்மைப்படுத்தியது அல்பேர்ட் முறை. 17 சாவியும் 6 வளையமும் இருந்தால் அது 1844இல் காப்புரிமை பெற்ற போம் முறை. பாண்டுகளில் போம் முறை பரவியதும் அல்பேர்ட் முறை 'பழசு' ஆனது.

ஆனால் தமிழர்களிடம் அந்தப் பழசு வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரின் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். முகவீணையின் இடத்தை அது பிடித்தது. அல்பேர்ட் முறையில் வளையமும் கம்பியும் குறைவு. விரலைத் துளைமேல் மெல்ல இழுத்துக் கமகம் கொடுக்க அது வசதி. 1931இல் பிறந்த திருச்சி ஏ.கே.சி. நடராஜன் இந்த வாத்தியத்தில் நாகஸ்வரப் பாணியை வாசித்தே 2008இல் சங்கீத கலாநிதி ஆனார், 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.

கர்நாடக சங்கீதத்தில் 440 என்ற கட்டாயமும் கிடையாது. வாசிப்பவரின் வாத்தியத்துக்குத் தம்புராவைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே பாடசாலை பாண்டுக்கு உதவாத எச்.பி. கிளாரினெட், வெள்ளவத்தையில் ஒரு சங்கீத ஆசிரியர் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் பாடும். மாணவனின் தந்தைக்கு நான் சொன்னது இதுதான்: துளைக்கக் கொடுக்க வேண்டாம். பாண்டுக்கு வேறொன்று இரவல் வாங்குங்கள்.

திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. தேய்ந்த தக்கையும், காற்றுப் போகும் தோல் பஞ்சுகளும், இற்ற வில் கம்பிகளும் மாற்றத்தான் வேண்டும். அவை தேய்வதற்கென்றே உள்ளவை. மரத்தை மட்டும் தொடாதீர்கள். இங்கே பலர் கருங்காலி என்று நினைப்பது பெரும்பாலும் தன்சானியா, மொசாம்பிக் பக்கத்து ஆபிரிக்கக் கருமரம். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரை போய்விடும். வார்னிஷ் தேவையில்லை. பல வருடம் சும்மா கிடந்ததை முதல் நாளே மணிக்கணக்கில் ஊதவும் வேண்டாம். உள்ளே ஈரமும் வெளியே காய்ச்சலுமாக இருந்தால் மரம் வெடிக்கும். முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஊதியபின் உள்ளே துடைத்து வையுங்கள். ஏசி அறையில் திறந்து வைக்காதீர்கள்.

நம் ஊர் பாண்ட்காரர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் விட்டுப்போன ஆவணம் இந்த வாத்தியங்கள்தான். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருந்தால், திருத்தக் கொடுக்கும் முன் முத்திரையையும் சாவிகளையும் படம் எடுங்கள். யார், எங்கே வாசித்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். படத்தைக் கீழே போடுங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.